நாலு கணினி, ஒரு சங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பகுதியில் 21 வருடமாக வேலை செய்கிறேன். சங்கத்தின் பெயரை எழுதவில்லை. எங்கள் கிராமிய வங்கி, அரிசி ஆலை, சங்கக்கடை, பெற்றோல் செட் என்ற நாலு இடத்துக் கணினிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. இது எங்கள் வீட்டுக் குறைதான் என்றாலும், பக்கத்துச் சங்கங்களில் என்னைப்போல் வேலை செய்பவர்களோடு கதைத்தால் அவர்களும் இதையே சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ஐயா எங்கள் கிராமிய வங்கிக்கு வந்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர். காலபோக நெற்செய்கைக்குப் பயிர்க்கடன் கேட்டார். கணினியைப் பார்த்த பிள்ளை, "பழைய கடன் நிலுவையில் நிற்குது ஐயா, புதுசு தர ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பொலித்தீன் பையை அவிழ்த்து இரண்டு சாமான்களை மேசையில் வைத்தார். ஒன்று, 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரை அவரோடு போய்த் திரும்பி வந்த சேமிப்புப் புத்தகம். தண்ணீர் ஊறி ஓரமெல்லாம் மண்ணிறமாகி, உள்ளே ஒட்டிப்போன இரண்டு தாள்களை அவரே பிளேட்டால் பிரித்திருந்தார். மற்றது, பங்குனியில் எங்கள் அரிசி ஆலையில் நெல்லை எடைபோட்டுத் தந்த துண்டு. 41 மூட்டை. அந்த நெற்காசைக் கடனில் கழிப்பதென்றுதான் பேச்சு.

ஆலைக் கணினியில் காசு அவர் பெயரில் ஏழு மாதமாகக் கிடந்தது. வங்கிக் கணினியில் கடன் அவர் பெயரில் ஏழு மாதமாக வட்டியோடு வளர்ந்தது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு மாமரம் நிற்கிறது, அவ்வளவுதான் தூரம். "பிள்ளை, வெளியில தொங்குற போர்டு ஒன்றுதானே?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் கணக்கைச் சரிசெய்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. விதைப்பு அவ்வளவு நாள் பொறுக்குமா? மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அவர் உரம் வாங்கினார்.

பிழை எங்கே என்று தேடிப் பார்த்தோம். வங்கி அவரை ஒன்பது இலக்கமும் ஒரு 'வி'யும் கொண்ட பழைய அடையாள அட்டை இலக்கத்தில் பதிந்திருந்தது. இடையில் அவர் புது அட்டை எடுத்துவிட்டார். ஆலை அதைப் பார்த்துப் பன்னிரண்டு இலக்கத்தில் பதிந்தது. பழையதின் முன்னால் 19 சேர்த்து, பழையதின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புது இலக்கம் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடம் யாருடைய வேலை என்று எங்கள் சங்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. பெயரை வைத்து நாலு இடத்திலும் தேடவும் முடியவில்லை. சங்கக்கடைக் கணினியில் பெயர்களெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. யூனிகோட்டில் இயங்கும் வங்கிக் கணினியில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும்.

இது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. 2010இல் மீளக்குடியமர்ந்து சங்கத்தைத் திரும்பத் திறந்தபோது எங்களிடம் ஒரு பேரேடுகூட மிஞ்சியிருக்கவில்லை. உறுப்பினர்கள் கொண்டுவந்த பற்றுச்சீட்டுகளையும் அவர்களுடைய வாய்ச்சொல்லையும் வைத்துத்தான் பதிவேடு எழுதினோம். அந்த நேரம் யார் எதைத் தந்தாலும் கையேந்தி வாங்கினோம். ஒரு திட்டத்தில் வங்கிக்குக் கணினி வந்தது, இன்னொன்றில் ஆலைக்குத் தராசோடு சேர்ந்து வந்தது. பெற்றோல் செட்டுக்கு வேறு ஒன்று. சங்கக்கடைக்கு யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் பில் அடிக்கும் மென்பொருள் செய்து தந்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பராமரிப்பு ஒப்பந்தம், தனித்தனி ஆள், தனித்தனிக் கடவுச்சொல். மாத முடிவில் நான் ஒரு பென் டிரைவோடு நாலு இடமும் நடந்து எக்செல் தாளில் கூட்டிச் சரிபார்ப்பேன். நான் கூட்டுவது மொத்தத்தை மட்டும்தான். தனி மனிதரின் கணக்கு நாலு இடத்திலும் ஒத்து வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

ஐயாவின் விடயம் இயக்குநர் சபைக்குப் போனதும் வந்த முதல் யோசனை, கொழும்புக் கொம்பனி ஒன்றிடம் எல்லாவற்றையும் செய்யும் பெரிய மென்பொருள் ஒன்றை வாங்குவது. நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். நாலு குப்பையை ஒரு பெரிய பெட்டியில் கொட்டினால் ஐயா அதற்குள்ளும் இரண்டு ஆளாகத்தான் இருப்பார். அதோடு எங்கள் பக்கத்துக் கரண்டும் சிக்னலும் எப்படி என்று தெரியும். வங்கி லைன் விழுந்தாலும் செட்டில் டீசல் அடிக்க வேண்டும், தராசு நெல் நிறுக்க வேண்டும். எல்லாம் ஒரே கயிற்றில் தொங்கினால் ஒரு மழை நாளில் முழுச் சங்கமும் படுத்துவிடும்.

முதலில் சேர்க்க வேண்டியது ஆட்களை என்று சபையில் சொன்னேன். நாலு கணினிக்கும் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். பிரிண்டர் திருத்துகிறவராக மட்டும் அவரை வைத்திருக்காதீர்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் அவர் மேசை வழியாகப் போகட்டும். அப்புறம் ஒரு உறுப்பினருக்கு ஒரே இலக்கம், எல்லா இடத்திலும் அதுதான். கடன் நிலுவையை மாற்றும் உரிமை வங்கிக்கு மட்டும், நிறையை மாற்றும் உரிமை ஆலைக்கு மட்டும். மற்றவர்கள் வாங்கிப் பார்க்கலாம், கை வைக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அன்றைய பதிவுகள் ஒரு இடத்துக்கு வந்து, பொருந்தாதவை மட்டும் ஒரு தாளில் அச்சாக வேண்டும். மறுநாள் காலை ஒரு ஆள் அந்தத் தாளோடு உட்கார வேண்டும். பழைய கணினிகள் அப்படியே ஓடட்டும்.

இதெல்லாம் எங்களுக்குப் புதிய சங்கதியா? 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது பரந்தனில் பத்து லீற்றர் அடித்தால் மாங்குளத்தில் மிச்சம் எவ்வளவு என்று காட்டியது. ஒவ்வொரு செட்டிலும் வேறு வேறு பம்பும் வேறு வேறு ஆட்களும்தான், வாகன இலக்கம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று. என் அப்பா சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். 1971இல் சின்னச் சின்னக் கிராமச் சங்கங்களைச் சேர்த்துப் பெரிய சங்கங்களாக்கிய காலத்தை அடிக்கடி சொல்வார். பழைய சங்கத்துக் கிளாக்கர்மார் எல்லோரையும் ஒரு மேசையில் இருத்தி, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் புது இலக்கம் எழுதி, பழைய இலக்கத்தைப் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்தார்களாம். அந்தச் சிவப்பு மை எங்களிடம் இல்லாமல் போனதுதான் கதை.

சபை கடைசியில் ஒரு கிளையில் மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தது. வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவரும் நானும் மாலை நேரங்களில் உட்கார்ந்து பெயர் பெயராகப் பொருத்தினோம். இலக்கத்தை வைத்து முக்கால்வாசி தானாகவே சேர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு வீடு வீடாகப் போனோம். ஒரே தகப்பன் பெயர், ஒரே முதலெழுத்து, ஒரே ஒழுங்கை, இரண்டு அண்ணன் தம்பி. அவர்களை நேரில் பார்த்துத்தான் பிரிக்க முடிந்தது. ஒரு அம்மா இறந்து நாலு வருடம், செட்டில் அவர் பெயரில் இன்னும் மண்ணெண்ணெய்க் கணக்குத் திறந்திருந்தது.

அந்த வீடுகளில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றையும் எழுத வேண்டும். "அப்ப கடையில நிற்கிற பெடியனுக்கு என்ர கடன் தெரியுமோ?" கிராமத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், ஒருவரின் அடகையும் கடனையும் சீனி நிறுக்கும் இடத்தில் திரையில் காட்டுவது அநியாயம். கடைக்கு உறுப்பினர் இலக்கமும் பெயரும் மட்டும் போகும்படி செய்திருக்கிறோம். இதைத் தொடக்கத்திலேயே செய்யாத இடத்தில் சனம் உண்மையான விபரம் தராது.

கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடாந்தக் கணக்காய்வில் பகுதி பகுதியாகப் பார்ப்பதோடு, உறுப்பினர் பத்துப் பேரை எடுத்து, வங்கி, ஆலை, கடை, செட் என்று அவர்களுடைய பெயர் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து பாருங்கள். பத்துப் பேர் போதும், அரைநாள் வேலை.

அந்த ஐயாவுக்கு ஏழு மாத வட்டியும் திருப்பி வரவு வைத்தாயிற்று. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் அடுத்த கிளையைத் தொடங்குகிறோம். வேறு சங்கத்தில் இந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து இந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். பாமினியில் இருந்த பெயர்களை மாற்றும்போது உங்களுக்கு எந்தெந்த எழுத்துகள் பிழைத்தன என்று எனக்கு அறிய வேண்டும்.

இப்படிக்கு,
கூட்டுறவுக் கணக்காளர் ஒருவர்,
வன்னி.