மணலில் கூட்டாகக் கோலம் அமைப்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

அரியமான், தனுஷ்கோடி கரைகளில் மாணவர்களைக் கொண்டு கிளிஞ்சலும் பாசியும் வைத்துக் கோலம் அமைக்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில செய்திகள்.

அலை வடிந்த ஈர மணலே ஏற்றது. உலர்ந்த மணலில் கோடு நிற்காது. நடுவில் பனைமட்டை ஒன்றை முழ ஆழம் ஊன்றி, 3 மீட்டர் கயிறு கட்டிச் சுற்றினால் 6 மீட்டர் அகல வட்டம் கிடைக்கும். மட்டை சாய்ந்தாலோ, நைலான் கயிறு இழுபட்டு நீண்டாலோ வட்டம் முட்டையாகிவிடும். அதே கயிற்று நீளத்தை வட்டத்தின் விளிம்பில் அடுத்தடுத்து வைத்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றைக் கொண்டு ஆறு இதழ்கள் வரையலாம். இதழுக்கு மூவர் என 18 பேர் போதும். நிரப்புவதை நடுவிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். பலரும் விளிம்பில் தொடங்கி, பிறகு நடுவுக்குப் போக வழியின்றி எல்லாவற்றையும் மிதித்துவிடுகிறார்கள்.

பாசி வெயிலில் சுருங்கி நிறம் மாறும், கடைசியில் வையுங்கள். பனையோலை காற்றில் பறக்கும். ஈர்க்கைப் பாதி புதைக்கலாம். சங்குகளை எடுக்குமுன் உள்ளே நண்டு குடியிருக்கிறதா எனச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

பவளத் துண்டுகளைத் தொடவே வேண்டாம். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பொருள் தேடி அங்கே போகக் கூடாது.

வலைத்துண்டு, நெகிழிக் கயிறு பயன்படுத்தினால் எண்ணி வைத்து, எண்ணி எடுத்துச் செல்லுங்கள். தோண்டிய குழிகளை இருட்டுமுன் மூடுங்கள். ஆமைகள் முட்டையிட ஏறுவது இரவில்தான். குஞ்சுகள் குழியில் விழுந்தால் கடலை எட்டா.

– வாசகர்கள், மண்டபம்