அவர் தேடாததெல்லாம் அவர் கணக்கில்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேடுபொறிகள் ஆளுக்குத் தகுந்தாற்போல் முடிவுகளை மாற்றிக் காட்டுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், 'இது பிடிக்காதவர்கள் இன்காக்னிட்டோவில் (பிரவுசரில் தேடல் வரலாறு தங்காத தனி ஜன்னல்) தேடிக்கொள்ளலாம்' என்று கடைசியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பதினாறு வருடமாக மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். நாலு சிஸ்டம். ஒரே சிஸ்டத்தில் ஒரு நாளைக்கு இருபது பேர் உட்கார்ந்து எழுந்து போகும் இடம்.

போன ஆடியில் நடந்தது இது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பென்ஷன் சிலிப் பிரிண்ட் எடுக்க வந்தார். மெயிலைத் திறந்து பிரிண்ட் எடுத்தார், காசு கொடுத்தார், போய்விட்டார். லாக் அவுட் செய்யவில்லை. நானும் கவனிக்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது. அடுத்து அதே இடத்தில் உட்கார்ந்த பையன் இரண்டு மணி நேரம் உடனடிக் கடன், கிரிக்கெட் பெட்டிங் என்று தேடித் தீர்த்துவிட்டுப் போனான். அத்தனையும் பெரியவர் கணக்கில் ஏறிவிட்டது.

நாலு நாள் கழித்து அவர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். தேடும் கட்டத்தைத் தொட்டாலே பழைய தேடல்கள் வரிசையாகக் கீழே இறங்கின. முதல் வரியே 'சிபில் ஸ்கோர் இல்லாமல் லோன்'. வீட்டில் மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஏதாவது பணமுடையா? எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறார். "தம்பி, நான் இதையெல்லாம் தேடலையே" என்று சொல்லும்போது பெரியவருக்குக் குரலே எழும்பவில்லை.

கணக்கு அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று நுழைந்து அந்தப் பட்டியலைக் கண்டுபிடிக்க, இதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அந்தப் பையன் தேடியதை ஒவ்வொன்றாக அழித்தோம். "இன்னும் என்னவெல்லாம் எழுதி வச்சிருக்கு?" என்று கேட்டார். கீழே தள்ளிக்கொண்டே போனேன். அவருடைய மனைவி டயாலிசிஸில் இருந்த நாட்கள் வந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தேடிய ஒவ்வொன்றும் தேதியும் நேரமுமாக அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது மட்டும் இருக்கட்டும் தம்பி" என்றார்.

எது இருக்கட்டும், எது போகட்டும் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரிடம் இதுவரை யாருமே கேட்கவில்லை. இதுதான் என் ஆதங்கம்.

ஆளைப் பார்த்து முடிவு தருவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'பஸ் டைம்' என்று அடித்தால் மன்னார்குடி பஸ் வரட்டும், வசதிதானே. பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கூகுள் முடிவுகளை அளந்து பார்த்தார்கள். ஆளுக்காக மாறியவை சராசரியாக 11.7 சதவீதம். அதற்கு முக்கியக் காரணமாக அவர்கள் கண்டவை இரண்டு: கணக்கில் லாகின் செய்திருப்பது, தேடுகிறவர் இருக்கும் ஊர். பெரிய பூதம் ஒன்றும் இல்லை என்று இதை வைத்துச் சிலர் சொல்கிறார்கள். சரி, சராசரி குறைவுதான். ஆனால் மாறியது எது என்று என் திரையில் தெரிய வேண்டாமா? 2011இல் எகிப்தில் மக்கள் தெருவில் திரண்டிருந்த சமயம், எலி பரைசர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் நண்பர்கள் சிலரை 'எகிப்து' என்று தேடச் சொன்னார். ஒருவருக்குப் போராட்டச் செய்திகள் நிறைய வந்தன. இன்னொருவருக்கு முதல் பக்கத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. தனக்கு வராமல் போனது எது என்று அந்த இரண்டாவது ஆளுக்கு எப்படித் தெரியும்?

லாகின் செய்யாவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். 2009 டிசம்பரிலேயே கூகுள் ஆளைப் பார்த்து முடிவு தருவதை லாகின் செய்யாதவர்களுக்கும் விரிவாக்கிவிட்டது. பிரவுசரில் குக்கீ என்ற சின்ன அடையாளக் கோப்பை வைத்து 180 நாள் வரைக்குமான தேடல்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதாக அப்போது அறிவித்தார்கள். என் கடை மாதிரி இடத்தில் அந்த 180 நாளில் எத்தனை பேர் வந்து போகிறார்கள்! அத்தனை பேரையும் ஒரே ஆளாகக் கலந்தால் யார் கிடைப்பார்? ஒரே போனை அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டிலும் இதே கதைதான்.

நீங்கள் சொன்ன இன்காக்னிட்டோ, ஜன்னலை மூடியதும் அந்தக் கருவியில் வரலாற்றை மறந்துவிடும். அவ்வளவுதான். எந்த ஊரிலிருந்து தேடுகிறோம் என்பது ஏறக்குறைய தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னல் திறந்திருக்கும்வரை முந்தைய தேடலின் சாயல் அடுத்ததில் விழ இடமிருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பது வேறு, கையில் சாவியைக் கொடுப்பது வேறு.

அந்தச் சாவி ஒருகாலத்தில் இருந்தது என்பதைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. 2008 நவம்பரில் கூகுள் 'சர்ச்விக்கி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முடிவுக்குப் பக்கத்திலும் சின்ன அம்புக்குறி இருக்கும். தொட்டால் அந்த முடிவு மேலே போகும். பிடிக்காததை நீக்கலாம். அடுத்த முறை அதே சொல்லைத் தேடினால் நாம் வைத்த வரிசை அப்படியே இருக்கும். 2010 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு வெறும் நட்சத்திரக் குறியாகச் சுருக்கினார்கள். அப்புறம் 2011 மார்ச்சில், வேண்டாத தளத்தைத் தடுக்கும் வசதி வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. நாம் வாய்திறந்து சொல்ல இருந்த வழி போய்விட்டது, நம்மைப் பார்த்து அவர்களாக ஊகிப்பது மட்டும் தங்கிவிட்டது.

முடியாத காரியமா இது? மாதச் சந்தா வாங்கும் காகி என்ற தேடுபொறியில் இன்றைக்கும் ஒரு தளத்தை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், அடியோடு தடுக்கலாம். டக்டக்கோ ஆளைப் பின்தொடராமல், அடித்த சொல்லுக்கு மட்டும் விளம்பரம் காட்டிப் பிழைக்கிறது. கூகுளே 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் இந்தியாவிலும், முக்கியச் செய்திகள் பகுதியில் தனக்குப் பிடித்த செய்தித் தளங்களை வாசகர் தேர்ந்தெடுக்க வழி செய்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அதே வசதி மற்ற எல்லா முடிவுகளுக்கும் ஏன் கூடாது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டமாகவே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 38ஆவது பிரிவு, அங்கே மாதம் நாலரைக் கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்களும் தேடுபொறிகளும், பரிந்துரைக்கும் முறையில் ஆளின் தகவல்களை வைத்து அவரை அளக்காத ஒரு வழியையாவது தர வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம் என்ற உரிமை அதில் இருக்கிறது. முடிவுகளை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்பது பற்றி அதில் தனியாக ஒரு வரிகூட இல்லை. நம் எம்.பி.க்கள் யாராவது இதை எழுப்ப வேண்டும், உங்களைப் போன்ற இதழ்கள் கேட்க வைக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன உதவி. தேடல் வரலாற்றைப் பார்ப்பது எப்படி, வேண்டாததை அழிப்பது எப்படி, சேமிப்பதையே நிறுத்துவது எப்படி என்பதைப் படத்தோடு, பெரிய எழுத்தில், அரைப் பக்கத்துக்குக் கட்டம் கட்டிப் போடுங்கள். நாலு பிரதி எடுத்து நாலு சிஸ்டத்துக்கும் மேலே ஒட்டி வைக்கிறேன். பெரியவர் வாராவாரம் வருகிறார். அவருக்கும் ஒன்று தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகன்,
மன்னார்குடி.