அண்டை வீட்டுத் தகராறுகளுக்கு இடத்துக்கே வந்து பேசும் சமரசக் குழுக்கள் கோரி மனு

அனுப்புநர்: கடலோரக் கிராமப் பொதுமக்கள், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ராமநாதபுரம்.

நகல்: செயலாளர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, ராமநாதபுரம்.

பொருள்: கடலோர வட்டங்களில் சமுதாய சமரசக் குழுக்கள் அமைப்பதும், அவற்றுக்கு நில அளவர் உதவி அளிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை அண்டை வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் வேலி, பாதை, கூரைத் தண்ணீர், கிணற்றை ஒட்டிய கழிவுத் தொட்டி, கருவாட்டு நாற்றம் ஆகியவற்றைச் சுற்றியே எழுகின்றன. இவை காவல் நிலையத்துக்குப் போனால் சி.எஸ்.ஆர். (புகார் ஏற்புச் சீட்டு) போட்டு, இரு வீட்டாரிடமும் "இனி தகராறு செய்ய மாட்டோம்" என்று எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். தண்ணீர் போகும் வழி மட்டும் மாறுவதில்லை. ஐப்பசி மழையில் அதே சண்டை திரும்ப வருகிறது. முற்றினால் கோட்டாட்சியர் முன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 126ஆம் பிரிவின்படி அமைதிப் பிணை. அது கைகலப்பைத் தடுக்கும். வேலி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லாது.

2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் 43, 44ஆம் பிரிவுகளில் இதற்கு ஓர் அமைப்பைக் காட்டுகிறது: இரு தரப்பும் முன்கூட்டியே சம்மதிக்க, மூன்று பேர் கொண்ட குழு பேசி முடிப்பது. அதே மாதிரியில் முதலில் இராமேசுவரம், கீழக்கரை, திருவாடானை வட்டங்களில் குழுக்கள் அமைக்கக் கோருகிறோம். ஆனால் குழுவை அறிவித்தால் மட்டும் போதாது. அது தடுமாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, அளந்த பிறகே பேச்சு. இந்தக் கரையில் எல்லைக்கல் மணலுக்குள் போய்விடும். பனைமட்டை வேலியைப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் ஒரு சாண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். ஆக, இரு வீட்டாரும் தங்கள் கணக்கே சரி என்று உண்மையாகவே நம்பித்தான் சண்டை போடுகிறார்கள். அளக்காமல் உட்கார வைத்தால் யார் குரல் பெரிதோ அவர் பக்கம் சாயும். ஒரு தரப்பு மட்டும் தனியாரை வைத்து அளந்தாலோ, அந்த அளவே இரண்டாவது சண்டை. எனவே விண்ணப்பம் வந்ததும் கிராம நிர்வாக அலுவலர் ‘அ’ பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகலோடும் புலப்படத்தோடும் (நில அளவை வரைபடம்) வர, இரு தரப்பும் நிற்க, நில அளவர் அளந்து முளை அடிக்க வேண்டும். கல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பேசுவதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

கூட்டுப் பட்டாவில் ஒரு கண் வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார். தம்பி சவூதியிலோ மலேசியாவிலோ இருப்பார். திரும்பி வந்து "எனக்குத் தெரியாது" என்றால் எல்லாம் போச்சு. பட்டாவில் பெயருள்ள அனைவரும், அல்லது அவர்களின் பவர் பெற்றவர், கையெழுத்திட வேண்டும்.

குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். கிணறு, சாக்கடை விவகாரங்களில் அன்றாடம் அல்லல்படுவது பெண்கள். ஆண்கள் வந்து கையெழுத்து மட்டும் போட்டால் அந்த ஒப்பந்தம் ஒரு வாரம் தாங்காது. மத்தியஸ்தர் எவரும் இரு வீட்டுக்கும் உறவினராகவோ கடன் கொடுத்தவராகவோ இருக்கக் கூடாது. முதலில் ஒவ்வொரு வீட்டாரையும் தனியே கேட்டுவிட்டு, பிறகுதான் சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் பாக் நீரிணை விசைப்படகுக்காரர்கள் கடலில் இருப்பார்கள்; திங்கள், புதன், சனி அவர்கள் தொழிலுக்குப் போகும் நாள்கள். வெள்ளி ஜும்மா, ஞாயிறு தேவாலயம். வியாழன் மாலை 4 மணிக்கு, தகராறு உள்ள இடத்திலேயே அமர்வது எல்லோருக்கும் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கூடுதல் அமர்வுகள் நடத்தலாம். தண்ணீர்ப் பிரச்சினைகளை மட்டும் செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் அளவு, தேதி, செலவு மூன்றும் வேண்டும். "கூரைத் தண்ணீரைச் சரி செய்வார்" என்பது ஒப்பந்தம் ஆகாது. "4 அங்குலக் குழாய், 10 அடிக்கு 2 அங்குல வாட்டம் (சரிவு), தெருக் கால்வாய் வரை, செப்டம்பருக்குள், செலவு பாதிப் பாதி" என்று இருக்க வேண்டும். வாட்டம் எழுதாவிட்டால் குழாயில் மணல் அடைத்துக்கொண்டு மறு மழையில் தண்ணீர் பழையபடி பக்கத்து முற்றத்தில் நிற்கும். கருவாட்டுக் களத்துக்குக் காற்றைப் பார்க்க வேண்டும்: கச்சான் என்னும் மேல்காற்றுக்குச் சரியான இடம் வாடைக் காற்றுக்குச் சரிப்படாது. இரு பருவத்துக்கும் தனித்தனியே இடம் குறிக்க வேண்டும்.

பாதை விட மறுப்பவரை எல்லோரும் கல்நெஞ்சர் என்கிறார்கள். அவருக்கு உள்ள பயம் வேறு. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு வழியை உரிமையாகவும் தடையின்றியும் 20 ஆண்டுகள் பயன்படுத்தினால் அது நிலைத்த உரிமையாகும். "உரிமையாக அல்ல, நில உரிமையாளரின் அனுமதியின் பேரில்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பல வேலிகள் திறக்கும்.

மத்தியஸ்தச் சட்டத்தின்படி, சமுதாய மத்தியஸ்த உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணை போல நிறைவேற்ற முடியாது. ஆகவே இரு தரப்பும் விரும்பினால், வழக்குக்கு முந்தைய மனுவாக அதை வட்ட சட்டப் பணிகள் குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துத் தீர்வாணை பெற்றுத் தர வேண்டும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

இது கட்டப் பஞ்சாயத்தாக மாறிவிடக் கூடாது என்பதில் எங்களுக்கும் அக்கறை உண்டு. கட்டப் பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. அபராதம், ஊர் விலக்கு, மன்னிப்புக் கேட்டு விழச் சொல்வது எதுவும் கூடாது. பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறை, சாதி வன்கொடுமை, புறம்போக்கு நிலம் ஆகியவற்றைக் குழு தொடவே கூடாது. சம்பந்தப்பட்ட துறைக்கு அன்றே அனுப்ப வேண்டும்.

மேற்கண்ட மூன்று வட்டங்களிலும் மாதம் இரண்டு வியாழக்கிழமைகளுக்கு ஒரு நில அளவரை ஒதுக்கி உத்தரவிடவும், குழு உறுப்பினர் பட்டியலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு கலந்து வெளியிடவும், வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் அமர்வை நடத்தவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடலோரக் கிராமப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)