இருமல் குறைந்தால் நோய் குறைந்ததாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.எல்.டி. எனப்படும் நுரையீரல் இடைத்திசு நோயால் வரும் இருமலையும் மூச்சிரைப்பையும் ஹோமியோபதி தணிக்கும் என்ற கருத்தில் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்நோயுற்ற என் அண்ணனைச் சில ஆண்டுகள் உடனிருந்து கவனித்தவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட சிலவற்றை எழுதுகிறேன்.

ஐ.எல்.டி. ஒற்றை நோயன்று, 200-க்கும் மேற்பட்ட நோய்களுக்கான பொதுப்பெயர். நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்தோடும் இரத்த நுண்குழாய்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய திசு, அழற்சியாலோ தழும்பாலோ தடித்துப்போவதால், உள்ளிழுத்த காற்றிலிருந்து ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பது கடினமாகிறது. சிலிக்கா, ஆஸ்பெஸ்டாஸ் தூசி, புறா எச்சம், பூஞ்சை படிந்த வைக்கோல், மூட்டு முடக்குவாதம் போன்று உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள், இதயத் துடிப்பைச் சீராக்கத் தரப்படும் அமியோடரோன் போன்ற சில மருந்துகள் என்று காரணங்கள் பல. காரணமே புலப்படாமல் பெரும்பாலும் முதியோருக்கு வரும் ஐ.பி.எஃப். என்னும் வகைதான் இவற்றுள் மிகக் கடுமையான ஒன்று.

அண்ணனுக்கு வந்தது அந்த வகை. வறட்டு இருமலை முதலில் ஒவ்வாமை என்றும், மாடிப்படியில் மூச்சு வாங்கியதை வயது என்றும் நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். பிறகு ஏழு மாதம் ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் வெள்ளை உருண்டைகள் வாங்கிச் சாப்பிட்டார். "இப்போது அவ்வளவாக மூச்சு இளைக்கவில்லை" என்று அண்ணன் சொன்னபோது நாங்களும் மகிழ்ந்தோம். உண்மையில் அவர் மாடி ஏறுவதையே விட்டிருந்தார், குனிந்து செருப்பு மாட்டுவதற்குப் பதில் நாற்காலியில் அமர்ந்து மாட்டினார், பேச்சையும் குறைத்துக்கொண்டார். உட்கார்ந்திருக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டரில் 96 காட்டிய ஆக்சிஜன் அளவு, ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் 84-க்கு இறங்கியதைக் கண்ட பிறகே எங்களுக்கு உறைத்தது. நுரையீரல் மருத்துவர் அவர் முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சரசரப்பு கேட்கிறது என்றார். சிடி ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி தேன்கூடு போல் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது.

இதனால்தான், இந்நோயில் அறிகுறி தணிந்தது என்ற நோயாளியின் சொல்லை மட்டும் ஒரு மருந்தின் வெற்றிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்கிறேன். நோய் சில மாதங்கள் ஒரே நிலையில் நிற்பதும் உண்டு. அந்த இடைவெளியில் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்கே போய்ச் சேரும். மூச்சை ஊதி அளக்கும் நுரையீரல் கொள்ளளவு, வாயுப் பரிமாற்றத் திறன், ஸ்கேன் ஆகியவை அப்படி ஏமாறுவதில்லை.

பிரையோனியா, ஆன்டிமோனியம் டார்ட், பாஸ்பரஸ் ஆகிய ஹோமியோபதி மருந்துகளைக் கட்டுரை பரிந்துரைத்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாமுவேல் ஹானிமன் வகுத்த இம்முறையில், 30சி என்று குறிக்கப்படும் மருந்து, நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்க்கச் செய்யப்பட்டது. பன்னிரண்டு முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுவது அரிதாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய நலவாழ்வு, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்து, ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று அறிவித்தது. 'மதர் டிங்சர்' எனப்படும், நீர்க்கச் செய்யப்படாத தாய்த் திரவங்களின் கதை வேறு. அவற்றில் மூலிகைச் சத்தும் ஆல்கஹாலும் உண்மையாகவே இருக்கும். ஐ.பி.எஃப்.-க்குத் தரப்படும் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய இரண்டு மருந்துகளும் கல்லீரலைப் பாதிக்கக்கூடும், அதற்கான பரிசோதனை அவ்வப்போது தேவை என்பதால், இத்தகைய திரவம் எதை எடுத்தாலும் நுரையீரல் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

ஆங்கில மருத்துவம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் வாதாடவில்லை. 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மேற்சொன்ன இரு மருந்துகளும் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்குமே தவிர, விழுந்த தழும்பை அழிக்கா. ஒன்று குமட்டலையும் வெயில் ஒவ்வாமையையும், மற்றொன்று வயிற்றுப்போக்கையும் தரக்கூடும். ஆயினும், இழந்ததை மீட்க முடியாத நோயில் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பது பெரிய காரியம். அந்த ஏழு மாதத்தை நினைத்து நான் வருந்துவது அதனால்தான். மூச்சுப் பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை, தேவைப்படுவோருக்கு ஆக்சிஜன், தடுப்பூசிகள், தகுதியுள்ளோருக்கு நுரையீரல் மாற்று அறுவை என்று நோயோடு போராட வழிகள் இருக்கின்றன. புறா எச்சத்தால் நோய் வந்தவருக்கோ, புறாக்களிடமிருந்து விலகுவதே முதல் சிகிச்சை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஹோமியோபதி மருத்துவர் முதல் நாளே அண்ணனிடம் ஒரு மணி நேரம் பேசினார். தூக்கம், பயம், கனவு என்று எல்லாவற்றையும் கேட்டார். அண்ணன் அங்கே தொடர்ந்து போனதற்குப் பாதிக் காரணம் அதுவே. அவ்வளவு கேட்டவர் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும் முன், குணமடைந்ததாகக் காட்டப்படுபவரின் நுரையீரல் கொள்ளளவு சிகிச்சைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கட்டுரையாளரிடம் கேட்டு, அந்த எண்களையும் உடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்