ஆடிப்பட்டம் நம்ம பினாங்குக்கு ஒத்து வராதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பத்திரிகைல வந்த வீட்டுத்தோட்டம் பக்கத்த படிச்சிட்டுத்தான் இத எழுதுறேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு பெரிய எழுத்துல போட்டு, வெண்டை, கத்தரி, செண்டுமல்லி எல்லாம் இந்த மாசமே விதைச்சிடுங்கன்னு சொல்லியிருந்தீங்க. படமெல்லாம் அழகாத்தான் இருந்துச்சு, ஆனா போன வருஷம் இதே பழமொழிய நம்பித்தான் நான் கெட்டேன், அதனால பேசாம இருக்க மனசு வரல.

நான் ஜெலுத்தோங்ல ஃபிளாட்ல அஞ்சாவது மாடி. பால்கனிதான் என் தோட்டம். எங்கம்மா இத தோட்டம்னு சொன்னாலே சிரிப்பாங்க, அவங்களுக்கு தோட்டம்னா கெடாவுல பொறந்து வளந்த கித்தா (ரப்பர்) தோட்டம்தான், நான் பண்றது "சட்டி வெக்கிறது", அவ்வளவுதான். சரி, அந்த சட்டி கதைக்கு வரேன். போன வருஷம் ஆடி பொறந்த கையோட நாலு பெட்டில வெண்டை போட்டேன், சும்மா சொல்லக்கூடாது, ஜம்முனு வளந்துச்சு, செப்டம்பர்ல பூ வைக்க ஆரம்பிக்கவும் மழை ஆரம்பிக்கவும் சரியா இருந்துச்சு, அப்புறம் பூவு ஊறி உதிருது, பிஞ்சு நுனில அழுகுது, அக்டோபர்ல ஒரு சாயங்காலம் காத்தோட அடிச்ச மழைல நாலு பெட்டில மூணு பெட்டி செடி அப்படியே சாஞ்சு போச்சு. மொத்தமா பறிச்சது பதினோரு காய், எண்ணித்தான் சொல்றேன்.

தமிழ்நாட்டுல ஆடில விதைக்கிறாங்கன்னா அதுல அர்த்தம் இருக்கு. அங்க சித்திரை, வைகாசி வெயில்ல மண்ணு வறண்டு கிடக்கும், ஆடில ரெண்டு மழை எட்டிப்பாக்கும், பின்னால ஐப்பசி, கார்த்திகைல பெருமழை வரும்னு நம்பி மானாவாரிக்காரங்க விதை போடுற மாசம் அது. அவங்க கவலை தண்ணி வருமாங்கிறது. நமக்கு தண்ணிக்கா பஞ்சம்? இந்தப் பக்கம் ரொம்ப கொட்டுறது அக்டோபர், நவம்பர்ல, இன்னொரு சுத்து ஏப்ரல், மே, நல்லா காயுறது ஜனவரி, பிப்ரவரி, நடுவுல ஜூன், ஜூலைலயும் கொஞ்சம் காயும். அப்போ ஆடில போட்ட செடி காய்க்கிற நேரமா பாத்து போய் பெருமழைல மாட்டிக்கும். நம்பலைன்னா காகிதப்பூ செடிய பாருங்க, தைப்பூசத்துக்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்கு நடக்குறப்போ வீட்டு கேட்டுங்கள்ல எல்லாம் இலையே தெரியாம பூத்துக் கிடக்கும், அதுக்கு வேரு காஞ்சாதான் பூ. காலிஃபிளவரும் அதே பக்கத்துல போட்டிருந்தீங்க, கார்த்திகைல நடணுமாம்! இங்க கார்த்திகைல எங்க குளிருது? காலிஃபிளவரு வேணும்னா கேமரன் மலைல இருந்து வர்றத வாங்கிக்க வேண்டியதுதான்.

என் கணக்கு இப்படித்தான் போகுது. தீபாவளி பலகாரமெல்லாம் தீந்து மழை கொஞ்சம் அடங்குறப்போ, நவம்பர் கடைசி வாரம், வெண்டை விதைய ராத்திரி தண்ணில ஊறவச்சு காலைல போடுறேன், ஒரு ஐம்பது நாள்ல காய் வருது. செண்டுமல்லியும் அப்பவே, அது ரெண்டு மாசத்துல பூக்கும், தைப்பூசம் ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ வர்ற வருஷம்னா சாமிக்கு நம்ம வீட்டுப் பூவு. ஆறு ஏழு இலை வந்ததும் நுனிய கிள்ளிடணும், மனசு கேக்காது, ஆனா கிள்ளலைன்னா ஒத்தையா நெட்டுக்கு வளந்து ஒரே ஒரு பூவ நீட்டும். கோயில் மாலைய காயவச்சு விதை எடுக்கலாம்னு சிலர் சொல்றாங்க, நானும் பண்ணிப் பாத்தேன், பாதிக்கு மேல சொத்தை, மாலைக்கு பூவ இளசா பறிச்சிடுறாங்கல்ல, விதை முத்தியிருக்காது. விதை பாக்கெட்டே வாங்கிடுங்க.

ஜனவரி வெயில்ல பால்கனி செடிக்கு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தணும், வேலைக்கு போறவங்களால முடியுமா, அதுக்குத்தான் அடில தண்ணி தேக்கி வைக்கிற இந்த மீன் பெட்டி. மார்க்கெட்ல மீன் வர்ற வெள்ளை பொலிஸ்டைரின் பெட்டி இருக்குல்ல, அத கேட்டு வாங்கி சவர்க்காரம் போட்டு தேய்ச்சு ரெண்டு நாள் வெயில்ல போட்டா நாத்தம் போயிடும். அடில காலி மினரல் வாட்டர் போத்தல், பெரிய சைஸ், மூணோ நாலோ, சுத்திலும் ஆணிய சூடு பண்ணி ஓட்டை போட்டு மூடியோட படுக்க வைங்க. ஒரு மூலைல ஒரு இஞ்சு பிவிசி பைப்ப நிக்க வைங்க, அடி முனைய சாய்வா வெட்டணும், இல்லைன்னா தரைல ஒட்டிக்கிட்டு தண்ணி இறங்காது. பெட்டி பக்கவாட்டுல, அடில இருந்து ஒரு ஆறு சென்டிமீட்டர் உயரத்துல சுண்டுவிரல் நுழையுற மாதிரி ஒரு ஓட்டை, தண்ணி கூடுனா அது வழியா வெளிய வந்திடும், இந்த ஓட்டைய மறந்தீங்கன்னா வேரு மூச்சு முட்டி செத்துரும். போத்தலுக்கு நடுவுல இருக்கிற சந்துல மண்ணு அடி வரைக்கும் இறங்கி உக்காரணும், விளக்குத் திரி எண்ணெய இழுக்கிற மாதிரி அந்த மண்ணுதான் தண்ணிய மேல இழுக்கும். நர்சரில சொல்ற மூணு பங்கு மண்ணு, ரெண்டு பங்கு எரு, ஒரு பங்கு மணல் கலவை தரைல வைக்கிற சட்டிக்கு சரி, பெட்டிக்குள்ள அது கல்லு மாதிரி இறுகிப் போகுது, அதனால நான் அந்த கலவைல மண்ண பாதியா குறைச்சு தேங்கா நார்த் தூள் சேத்துக்கிறேன், தூள ஒரு நாள் ஊறவச்சு அலசணும், சிலதுல உப்பு இருக்கும். இருக்கிற இடத்துலயே வச்சு மண்ண நிரப்புங்க, நிரப்புனப்புறம் தூக்குனீங்கன்னா இடுப்பு போயிடும், இல்ல பெட்டி உடஞ்சிடும், எனக்கு ரெண்டுமே ஆச்சு. ஒரு பெட்டிக்கு ரெண்டு வெண்டைச் செடி போதும், ஆசைப்பட்டு நாலு வைக்காதீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை பைப்புல தண்ணி விட்டா செடி வாடாது.

இப்ப முக்கியமான விஷயம், உங்க பக்கத்துலயும் இது மாதிரி தண்ணி தேங்குற சட்டி ஒண்ணு செய்முறையோட வந்துச்சு, ஆனா கொசுவ பத்தி ஒரு வரி இல்ல. எங்க எதிர்வீட்டு சீன ஆண்ட்டி ஒரு நாள் என் பெட்டி பைப்புக்குள்ள டார்ச் அடிச்சு பாத்துட்டு "ஜெந்திக்-ஜெந்திக் அடா!"ன்னு கத்துனதுல எனக்கு வயித்த கலக்கிடுச்சு, எட்டிப் பாத்தா கொசுப்புழு நெளியுது. டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு முட்டைல இருந்து பறக்குற வரைக்கும் வர ஏழு, பத்து நாளே போதும், வீட்டுல புழு பிடிபட்டா நோய் பரப்புற பூச்சிகள ஒழிக்கிற 1975 சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கம்பவுண்டு, அதாவது அபராதம், காச விடுங்க, அதே மாடில சின்ன புள்ளைங்க இருக்கு. அந்த ஆண்ட்டியே ஒரு பழைய ஸ்டாக்கிங்ஸ கொண்டாந்து வெட்டி பைப் வாய்ல போட்டு ரப்பர் பேண்ட் கட்டி குடுத்தாங்க, அதுக்கு மேலயே தண்ணி ஊத்தலாம், இறங்கிடும். பக்கத்து ஓட்டைக்கு உள்பக்கமா ஜன்னல் கொசுவலைத் துண்டு ஒட்டியாச்சு. கீழ தட்டு வச்சிருக்கிற சட்டி எல்லாத்துலயும் தட்ட எடுத்து போட்டுட்டேன். தயவு செஞ்சு இத அடுத்த வாரமே ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க, ஏற்கனவே யாராவது செஞ்சு வச்சிருப்பாங்க.

இந்த ஆடிக்கு ஒண்ணுமே போட வேணாமான்னா அப்படியில்ல, கங்கோங் கீரை இருக்கே! மார்க்கெட்ல வாங்குன கட்டுல இலைய சமைச்சிட்டு கணு இருக்கிற தண்ட மண்ணுல சொருகுங்க, மழை எவ்வளவு பெஞ்சாலும் அதுக்கு கவலையே இல்ல. சங்குப்பூவும் பால்கனி கம்பில ஏறிடும், விதை தோல் கெட்டி, நகவெட்டில லேசா உரசிட்டு ஊறவைங்க. சாமிக்கும் ஆச்சு, பூலுட் (பசையரிசிப் பலகாரம்) கலருக்கும் ஆச்சு, எங்க மாடில பாதி வீடு என்கிட்டதான் பூ கேட்டு வருது.

அடுத்த வருஷம் வெண்டைக் கட்டுரைய ஆடில போடாம ஐப்பசி முடியுறப்போ போடுங்கய்யா. பெட்டி மட்டும் இப்பவே சேத்து வச்சுக்கலாம், மீன்காரரு கிட்ட காலைல பத்து மணிக்கு மேல போய் கேளுங்க, வியாபாரம் சூடா இருக்கிறப்போ கேட்டா வள்ளுனு விழுவாரு.

இப்படிக்கு,
பால்கனி தோட்டக்காரி,
ஜெலுத்தோங், பினாங்கு