வலென்சியான்னா அந்த வெள்ளைக் கட்டடங்க மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஸ்பெயினோட வலென்சியா பத்தி வந்த பயணக் கட்டுரைய படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை. ஆனா கட்டுரைல பாதிக்கு மேல கலத்ராவாங்கற கட்டடக் கலைஞர் டிசைன் பண்ண அந்த வெள்ளைக் கட்டடங்களுக்கும் மால்வரோசா பீச்சுக்குமே போயிருச்சு, மிச்சம் ஹோட்டல், ஷாப்பிங். மனசு கேக்கல, அதான் எழுதறேன். எம் பொண்ணு அங்க வேலை பாக்கறா, அதனால அந்த ஊர்ல போய் தங்கியிருந்து நடந்தே சுத்திப் பாக்கற வாய்ப்பு எனக்குக் கிடைச்சுது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கா தண்ணில வளந்தவ, எனக்கு அந்த ஊர்ல திரும்பின பக்கமெல்லாம் தண்ணியோட கதைதான் தெரிஞ்சுது.

முதல்ல அந்த வெள்ளைக் கட்டடங்களையே எடுத்துக்குங்க, அது நிக்கறது ஒரு ஆத்துப் படுகைல. ஊருக்கு நடுவுல ஓடின துரியா ஆறு 1957 அக்டோபர் 14ந்தேதி பெருக்கெடுத்து ஊரையே முழுகடிச்சு, 80க்கு மேல உசுரு போச்சு. அதுக்கப்புறம் ஆத்தையே ஊருக்குத் தெக்கால புதுசா கால்வாய் வெட்டித் திருப்பி விட்டுட்டாங்க. காஞ்சு போன பழைய படுகைல ஹைவே போடலாம்னு அரசாங்கம் கிளம்புச்சு, ஜனங்க விடல, "ஆத்துப் படுகை எங்களோடது, அது பச்சையா இருக்கணும்"னு போராடி அதைப் பூங்காவா ஆக்கிட்டாங்க. இன்னைக்கு அது சுமார் 9 கிலோமீட்டர் நீளத் தோட்டம். பழைய கல்பாலங்க எல்லாம் அப்படியே இருக்கு, அடில தண்ணிக்குப் பதிலா புல்லும் ஆரஞ்சு மரமும், பிள்ளைங்க பந்து விளையாடுதுங்க. இதுக்கு டிக்கெட்டே கிடையாது, கட்டுரைல ஒரு வரியும் இல்ல.

அடுத்தது, என்னைக் கேட்டா அந்த ஊர்ல முதல்ல பாக்க வேண்டியதே இதுதான், வாய்க்கா தண்ணித் தகராறத் தீர்த்து வைக்கற தண்ணி நீதிமன்றம். வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு கதீட்ரலோட அப்போஸ்தலர் வாசல் முன்னாடி போய் நின்னா போதும். ஒரு சின்ன கம்பி வேலிக்குள்ள வட்டமா நாற்காலி போட்டு, கருப்புச் சட்டை போட்ட எட்டுப் பேரு வந்து உக்காருவாங்க. வக்கீலோ படிச்ச ஜட்ஜோ கிடையாது, அத்தனை பேரும் விவசாயிங்க. துரியால இருந்து பிரியற எட்டு வாய்க்காலுக்கும் ஆளுக்கு ஒருத்தரா அந்தந்த வாய்க்கா விவசாயிங்களே தேர்ந்தெடுத்து அனுப்பறாங்க. ஒரு சேவகர் கையில பித்தளைக் கொக்கி வச்ச கோலோட எந்திரிச்சு, குவார்ட் வாய்க்கால்ல குற்றம் சாட்டப்பட்டவங்க உண்டா, மிஸ்லாட்டா, ஃபவாரான்னு ஒவ்வொரு பேரா சத்தம் போட்டுக் கூப்பிடுவாரு. ஃபுட்பால் பாக்கறவங்களுக்குத் தெரிஞ்ச மெஸ்தாயா ஸ்டேடியத்துக்குப் பேரு வந்ததே இந்த எட்டுல ஒரு வாய்க்கால்ல இருந்துதான்.

முறை தவறி மடைய தொறந்தவன், தண்ணிய வீணாக்கினவன், வாய்க்கால தூர் வாராம விட்டவன், இதுதான் வழக்கு எல்லாம். எல்லாமே வாய்ப்பேச்சு, வலென்சிய மொழிலயே நடக்கும், தீர்ப்பு அங்கயே அப்பவே, மேல்முறையீடு கிடையாது. எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, குற்றம் சாட்டப்பட்டவரு ஆத்துக்கு இடது கரைக்காரரா இருந்தா தண்டனைய முன்மொழியறது வலது கரை வாய்க்காக்காரங்க, வலது கரைன்னா இடது கரைக்காரங்க. பாரபட்சம்னு ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது பாருங்க. இது முஸ்லிம்கள் ஆண்ட காலத்துல இருந்தே வர்ற வழக்கம்னு சொல்றாங்க, 1238ல ஊரைப் பிடிச்ச ராஜா முதலாம் ஜாய்மேயும் அந்தப் பழைய முறைய அப்படியே விட்டுட்டாரு. 2009ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்துருக்காங்க. பல வியாழக்கிழமைல புகாரே இருக்காது, பேரக் கூப்பிட்டு முடிச்சதும் சில நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிருவாங்க. அதைப் பாத்துட்டு "இவ்வளவுதானா"ன்னு முகம் சுளிச்ச டூரிஸ்ட்டுங்களைப் பாத்தேன். தலைமடைக்கும் கடைமடைக்கும் நடக்கற சண்டைய பாத்து வளந்த எனக்கு, புகாரே இல்லாம அந்த எட்டு நாற்காலி காலியாகறத பாக்கும்போது கண்ணு கலங்கிருச்சு.

அந்த ஊர்க்காரங்களோட அரிசி வர்ற இடத்தையும் பாக்கணும். சிட்டி பஸ்லயே தெக்க போனா அல்புஃபேரா ஏரி, அதைச் சுத்தி கண்ணுக்கு எட்டற வரைக்கும் வயல். மே மாசம் தண்ணி கட்டுவாங்க, செப்டம்பர்ல அறுப்பு, குளிர்காலத்துல மறுபடி வயலை முழுகடிச்சு விட்டுருவாங்க, அப்ப பறவைங்க வந்து இறங்கும். ஏரித் தண்ணிய கடலுக்கு விடற மதகுங்க கூட இருக்கு. எல் பல்மார் கிராமத்துல பயேயாங்கற அரிசிச் சாப்பாடு சாப்பிட்டோம், கட்டுரைல போட்டிருந்த மாதிரி இறால் அடுக்கினது இல்ல. இந்தப் பக்கத்துப் பயேயால கோழி, முயல், பட்டை பட்டையான பச்சை பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை, அவ்வளவுதான். அகலமான தட்டுல அரிசிய மெலிசா பரப்பி விட்டுட்டு அப்புறம் கரண்டியே போட மாட்டாங்க, அடியில பொன்னிறமா ஒட்டிக்கிட்டு மொறுமொறுன்னு வர்ற பருக்கைய சொறண்டி எடுக்கறதுக்குத்தான் அங்க போட்டியே. வடக்கால மெட்ரோ ஏறினா அல்போராயா, மணல் மண்ணுல விளையற கோரை வகைக் கிழங்க அரைச்சு பாலெடுத்து ஜில்லுனு குடுப்பாங்க, ஓர்ச்சாத்தான்னு பேரு, வெயிலுக்கு அதுதான் சரி.

பீச்சுக்குப் போறவங்க அதுக்கு ரெண்டு தெரு முன்னாடியே இறங்கி கபன்யால்ல நடக்கலாம். பழைய மீனவர் குடியிருப்பு, 1897 வரைக்கும் தனி ஊரா இருந்தது. கடலுக்கு இணையா நேர்நேரா தெருவுங்க, வீட்டு முகப்பெல்லாம் பச்சை நீலம் மஞ்சள்னு டைல்ஸ், ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் ஒத்துப்போகாது, ஆனா தெருவா பாத்தா அழகு. படகை இழுத்த காளைகள கட்டி வச்ச பழைய கட்டடம் ஒண்ணும் இருக்கு. ஒரு பெரிய அவென்யூவ கடல் வரைக்கும் நீட்டறேன்னு இந்தக் குடியிருப்புக்கு நடுவுல 1600க்கு மேல வீடுகள இடிக்கற திட்டம் வந்துது, குடியிருந்தவங்க வருஷக்கணக்கா எதிர்த்து நின்னாங்க, 2015ல நகராட்சில ஆட்சி மாறினப்புறம்தான் அது கைவிடப்பட்டுது. அங்க நடக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும் இல்லியா?

இன்னொண்ணு, இது எனக்கு வருத்தமாவே இருந்துச்சு. 2024 அக்டோபர் 29ந்தேதி வெள்ளத்த பத்தி கட்டுரைல ஒரு வார்த்தை இல்ல. முன்ன ஆத்தத் திருப்பி விட்டதால நகரத்தோட நடுப்பகுதி தப்பிச்சுது, ஆனா புதுக் கால்வாய்க்குத் தெக்கால இருக்கற பைபோர்த்தா, கதர்ரோஹா மாதிரி ஊருங்க அழிஞ்சே போச்சு, அந்த மாகாணத்துல மட்டும் 220க்கு மேல சாவு. மறுநாள்ல இருந்து நகரத்து ஜனங்க ஆயிரக்கணக்குல வாளி, துடைப்பம், மண்வெட்டிய எடுத்துக்கிட்டு ஒரு நடைபாலத்துல நடந்தே போய் சேறு அள்ளினாங்க, அந்தப் பாலத்துக்கு இப்ப ஒற்றுமைப் பாலம்னே பேரு. அந்தக் கடைகளும் தொறக்கணும், அங்க போய் ஒரு காபியாவது குடிக்கச் சொல்லி எழுதியிருக்கலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள், அந்தத் தண்ணி நீதிமன்றத்த பத்தி உங்க விவசாயப் பக்கத்துல தனியா ஒரு கட்டுரை போடுங்க, எழுதறவங்க ஒரு வியாழக்கிழமை அங்க நேர்ல நின்னு பாத்துட்டு எழுதட்டும், அந்த விவசாயிங்ககிட்ட முறைத்தண்ணிய எப்படிப் பிரிக்கறாங்க, அபராதம் கட்டாதவன என்ன பண்றாங்கன்னு கேட்டு எழுதட்டும். எங்க பக்கத்துப் பாசன சங்கத்துல அத ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்க நான் தயார்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி,
திருவையாறு