தொலைநோக்கியை மாற்றும் முன் ஃபோகஸரைப் பார்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு இரண்டு கண்ணும் தெளிந்துவிட்டன என்று நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் அடுத்த பத்தியிலேயே, வியாழனின் பட்டைகள் முன்போல் துல்லியமாக இல்லை, தொலைநோக்கியை யாருக்காவது கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

என்னிடம் இருப்பதும் உன்னிடம் இருப்பதைப் போன்ற 100 மி.மீ. ரிஃப்ராக்டர்தான் (முன்பக்கம் லென்ஸ் வைத்த தொலைநோக்கி), அதே 600 மி.மீ. குவியத் தூரம். அதன் ஃபோகஸரை, அதாவது குமிழைத் திருப்பினால் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மாட்டிய உள்குழாயை முன்னும் பின்னும் நகர்த்தும் பகுதியை, போன மாதம் கழற்றிவிட்டு, பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகர்த்தும் நுண்குமிழும் உள்ள புதியது ஒன்றைப் பொருத்தினேன். முன்லென்ஸைத் தொடவில்லை. யாழ் விண்மீன் குழுவின் எப்சிலான் இருக்கிறதே, அந்த இரட்டைக்குள் இரட்டை, அதை 5 மி.மீ. ஐபீஸில் பார்த்தேன். நான்கு புள்ளிகளும் தனித்தனியாக, நடுவில் கறுப்பு இடைவெளியோடு நின்றன. இத்தனை வருஷமாக அந்த லென்ஸுக்குள் இருந்த திறமை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று நினைத்தபோது சந்தோஷமும் ஆதங்கமும் சேர்ந்து வந்தன.

காரணம் எளிமையான கணக்குதான். நம்முடையது எஃப்/6, அதாவது குவியத் தூரம் முன்லென்ஸின் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு. பச்சை ஒளிக்குக் கணக்குப் போட்டால், சரியான குவியப் புள்ளிக்கு முன்னும் பின்னும் சுமார் 40 மைக்ரான் (0.04 மி.மீ.) வரைதான் படம் கெடாமல் இருக்கும். மொத்தம் 80 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். பழைய ஃபோகஸரின் குமிழை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உள்குழாய் 20 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள். அந்த 80 மைக்ரானுக்குள் நிற்க வேண்டுமென்றால் குமிழ் ஒன்றரை டிகிரிக்குள் நின்றாக வேண்டும். எந்தக் கைக்கும் அது நிச்சயமாக வராது, அதுவும் கெட்டியான கிரீஸ் பிடித்து இழுக்கும்போது. பத்துக்கு ஒன்று குறைத்தால் அதே இடம் பதினான்கு டிகிரி ஆகிவிடுகிறது. இரண்டு விரலால் மெல்லத் திருப்பி நிறுத்தலாம். குழாயும் அதிர்வதில்லை. எஃப்/10 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நீளமான குழாய்க்காரர்கள் ஃபோகஸரைப் பற்றி அவ்வளவாகக் குறை சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

உன் கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. இளம் வயதில் கண் தானே வளைந்து கொடுத்து ஃபோகஸர் விட்ட குறையைச் சரிக்கட்டிவிடும். கண் ஒரு டயாப்டர் (மூக்குக்கண்ணாடிப் பவரின் அலகு) திருத்திக்கொண்டால், 25 மி.மீ. ஐபீஸில் 0.6 மி.மீ. வரை குவியப் பிழை மறைந்துவிடுகிறது. அறுவையில் பொருத்தும் வழக்கமான செயற்கை லென்ஸ் அப்படி வளைந்து கொடுக்காது, அதனால் அந்த உதவி இனி உனக்கு இல்லை. ஆனால் 5 மி.மீ. ஐபீஸில் அதே ஒரு டயாப்டர் 0.025 மி.மீ.க்குத்தான் ஈடு. பெரிய உருப்பெருக்கத்தில் இருபது வயதுக் கண்ணும் பெரிதாகக் காப்பாற்றாது. ஆகவே உன் கண்ணையும் குறை சொல்லாதே, லென்ஸையும் குறை சொல்லாதே.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய். காற்று அடங்கிய இரவில், குழாய் வெளிவெப்பத்துக்கு ஆறிய பிறகு, உச்சிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு விண்மீனை உயர்ந்த உருப்பெருக்கத்தில் பிடி. குமிழை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு. குவியத்தைக் கடந்து போகும்போது ஒரு நொடி அது கூர்மையான புள்ளியாகி மறுபடி உப்பினால் லென்ஸ் நல்ல லென்ஸ்தான், அந்த இடத்தில் நிறுத்தத்தான் முடியவில்லை. எங்கே நிறுத்தினாலும் ஒரு பக்கம் வால் விட்டது போல் இருந்தால் ஒளி அச்சு விலகியிருக்கலாம், அது வேறு கதை. திசை மாற்றித் திருப்பும்போது விண்மீன் பார்வைப் புலத்தில் பக்கவாட்டில் தாவுகிறதா என்பதையும் கவனி. தாவினால் உள்குழாய் அதன் கூட்டுக்குள் தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம்.

புதிதாக வாங்குவதற்கு முன் பழையதைச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்வேன். குமிழ்த் தண்டைப் பிடித்திருக்கும் சிறு தகட்டைக் கழற்றினால் பல்சக்கரம் வெளியே வந்துவிடும், உள்குழாயை உருவிவிடலாம். பிசின் மாதிரி இருக்கும் அந்தக் கிரீஸை முழுக்கத் துடைத்தெடு, பல் இடுக்குகளில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியை விடு. பிறகு மெல்லிய டெஃப்லான் பட்டைகளைக் கூட்டின் உள்பக்கம் ஒட்டினால் ஆட்டம் பெருமளவு போய்விடும். லேசான கிரீஸ் ஒரு தடவு, தகட்டுத் திருகுகளைச் சமமாக இறுக்கு, அவ்வளவுதான். நிலவுக்கும் விண்மீன் கொத்துகளுக்கும் இது போதும். கோள்களைக் கூர்ந்து பார்க்கத்தான் சாதாரணக் குமிழோடு நுண்குமிழும் சேர்ந்த இரட்டை வேகம் வேண்டும்.

எந்த வகை வாங்குவது என்று நிச்சயம் கேட்பாய். கிரேஃபோர்டு என்று ஒரு ஃபோகஸர் வகை உண்டு, அதில் பற்களே கிடையாது. ஒரு உருளைத் தண்டு உள்குழாயின் தட்டையான பக்கத்தை அழுத்தி, உராய்வால் மட்டுமே நகர்த்துகிறது. எதிர்ப்பக்கம் நான்கு பேரிங்குகள் குழாயைத் தாங்குகின்றன. பல் இல்லாததால் திசை மாற்றும்போது வெற்றுச் சுழற்சி இல்லை. இங்கிலாந்தின் கிரேஃபோர்டில் இருந்த அமெச்சூர் வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் உருவாக்கியது அது. 1970-களின் தொடக்கத்தில் வடிவமைப்பை வெளியிட்டார், காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஒரு விஷயம் மட்டும் நினைவில் வை: கிரேஃபோர்டின் அந்தத் தட்டைப் பக்கத்தில் ஒரு துளி கிரீஸ்கூடப் படக்கூடாது, பட்டால் வழுக்கும். வழுக்குகிறதே என்று அழுத்தத் திருகை ஒரேயடியாக இறுக்கினாலும் அந்தப் பரப்பில் தடம் விழுந்துவிடும்.

ஐபீஸும் டயகனலும் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துணைக்கருவி) மட்டும் என்றால் நல்ல கிரேஃபோர்டே உனக்குப் போதும். ஆனால் கேமரா மாட்டும் ஆசை இருப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் சாய்ந்த பற்கள் உள்ள இரட்டை வேகப் பல்சட்ட ஃபோகஸரைத்தான் (உள்குழாயில் உள்ள பற்களைப் பல்சக்கரம் கவ்வி நகர்த்தும் வகை) எடு. சாய்ந்த பற்களில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பற்கள் கவ்வியிருக்கும், அதனால் நகர்வு சீராக இருக்கும், உச்சியை நோக்கித் திருப்பினாலும் எடை எளிதில் கீழே சரியாது. நான் எடுத்தது இந்த வகைதான். கேமராவுக்கு வெப்பநிலையும் ஒரு பிரச்சினை. 600 மி.மீ. அலுமினியக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 14 மைக்ரான் சுருங்கும், சரியாகக் குவித்த இடத்திலிருந்து மூன்று டிகிரி இறங்கினாலே ஒரு பக்கத்து 40 மைக்ரான் தீர்ந்துபோகும். ஆகவே இரவில் அவ்வப்போது குவியத்தைத் திருத்தியே ஆக வேண்டும். அதற்கு பாத்தினோவ் முகமூடி (குவியம் சரியா என்று காட்ட, குழாயின் முன்னால் மாட்டும் கீற்றுத் துளைகள் உள்ள தகடு) போதும். மோட்டாரைப் பிறகு யோசிக்கலாம்.

பொருத்தும்போது துளையிட வேண்டி வந்தால் முதலில் முன்லென்ஸை அதன் கூட்டோடு கழற்றித் தனியே வைத்துவிடு, உலோகத் தூள் அதன் பக்கமே போகக்கூடாது. பொருத்திய பின் லேசர் கோலிமேட்டரை (ஒளி அச்சு நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) ஃபோகஸரில் செருகி, கற்றை முன்லென்ஸின் மையத்தில் விழுகிறதா என்று பார். லேசரைக் கண்ணால் பார்க்காதே, லென்ஸ் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடி. விலகினால் ஃபோகஸரைப் பிடிக்கும் திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரகாசமான பொருள்களைச் சுற்றி வரும் ஊதா விளிம்பு புது ஃபோகஸரால் போகாது, அது லென்ஸின் இயல்பு. அது மட்டுமே உன்னை உறுத்துகிறது என்றால் நீ சொன்னபடி வேறு தொலைநோக்கிதான் வழி. ஆனால் நீ எழுதியதைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை.

அடுத்த கடிதத்தில் மூன்று அளவுகள் எழுதி அனுப்பு. வெர்னியர் காலிபரால் பின்பக்கக் குழாயின் உள்விட்டம், குழாய் விளிம்பிலிருந்து திருகுத் துளைகள் இருக்கும் தூரம், அப்புறம் டயகனலோடு நிலவைக் குவித்து வைத்த நிலையில் உள்குழாய் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பது. மூன்றாவதுதான் முக்கியம். புது ஃபோகஸர் பழையதைவிடக் குட்டையாக இருந்தால் நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளலாம், நீளமாக இருந்தால் குவியமே கிடைக்காமல் போகலாம், பிறகு குழாயை வெட்ட வேண்டி வரும். கேமரா எது என்று முடிவாகிவிட்டால் அதன் எடையையும் சேர்த்து எழுது. அளவுகள் வந்ததும் எந்த அடாப்டர் வளையம் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்